நான்கு பேருக்கும் ஒரே ரத்த அழுத்தம்

டிசம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. ஐதராபாத் காஞ்சன்பாக்கில் உள்ள ஒரு பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில், தர ஆய்வாளர் பூபாலன் ஓர் உருக்குத் தண்டை மைக்ரோமீட்டரில் பொருத்தி மூன்றாவது முறையாக அளந்தார். இருக்க வேண்டிய அளவைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்து அதில் கட்டினார்.

எதிரே நின்றிருந்தவர் அந்தத் தண்டைக் கடைந்த சின்னசாமி. கடைசல் பிரிவில் மூத்த தொழிலாளி. வயது ஐம்பத்தாறு.

"பூபாலா, முப்பது வருஷமா அந்த மெஷின் முன்னாடி நிக்கிறேன். இத்துனூண்டுக்குப் போயி திருப்பி அனுப்புறியே?"

"நீங்க என் சிநேகிதர்ங்கறது எனக்குத் தெரியும்ண்ணே. மைக்ரோமீட்டருக்குத் தெரியாது. அளக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல."

பக்கத்து மேசையில் பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த சலீம் தலையைத் தூக்கினார். பிறந்ததிலிருந்து ஐதராபாத்; தமிழ் கற்றுக்கொண்டது இந்த இரண்டு பேரிடம்.

"ஹவ் பாய், ஆமா! வீட்ல இட்லி வச்சாலும் இவர் அளந்துதான் சாப்பிடுறார். ஒரு இட்லி பெருசா போச்சுன்னா சிவப்புச் சீட்டு!"

சின்னசாமியும் சிரித்துவிட்டார். பூபாலனுடைய கையெழுத்துக்கு அந்தத் தொழிற்சாலையில் மதிப்பு அதிகம். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் சரிபார்த்து அனுப்பிய ஒரு பாகம்கூடத் திரும்பி வந்ததில்லை.

அன்று மதியம் கேன்டீனில் நான்காவது நண்பன் சந்தீப்பும் வந்து சேர்ந்துகொண்டான். வடிவமைப்புப் பிரிவில் வேலை, வயது முப்பத்திரண்டு. உத்தராகண்டில் பனி மூடிய ஒரு மலைமுகட்டுக்கு ஆறு நாள் நடைப்பயணம் போக நால்வருக்கும் இணையத்தில் பதிவு செய்திருப்பவன் அவன்தான். புறப்பாடு ஜனவரி பத்தாம் தேதி, சனிக்கிழமை. பனியை இதுவரை படத்தில் மட்டுமே பார்த்திருந்த மற்ற மூவருக்கும் ஒரு மாதமாக அதே பேச்சு.

"சார், ஒரு ஃபார்ம் பாக்கி. மெடிக்கல் ஃபிட்னஸ். டாக்டர் செக் பண்ணி, பிபி, பல்ஸ் எல்லாம் எழுதி, சைன் பண்ணணுமாம்."

சின்னசாமி சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். ஆறு ஆண்டுகளாக அவருக்கு ரத்த அழுத்தம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என மாத்திரை.

"அப்ப நான் வரலப்பா. நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க."

"மூணு பேர் எப்படிண்ணே? டெண்டுக்கு ரெண்டு பேர்னு கணக்கு. நீங்க இல்லாம என்ன பயணம்?" என்றார் பூபாலன். "சர்டிபிகேட்தானே? நான் பாத்துக்கறேன்."

அவர் அப்படிச் சொன்னதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அந்தப் பிரிவில் அது நெடுநாள் வழக்கம். ஊர்த் திருவிழாவுக்குப் போய் நாலு நாள் கூடத் தங்கிவிட்டால், உடம்பு சரியில்லை என்று ஒரு சான்றிதழ். திரும்ப வேலையில் சேர, உடம்பு சரியாகிவிட்டது என்று இன்னொரு சான்றிதழ். காய்ச்சல் என்றால் என்னவென்றே அறியாதவர்கள்கூட ஆண்டுக்கு இரண்டு முறை டைபாய்டிலிருந்து பிழைத்து வந்தார்கள். பேகம்பேட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் இருந்த பாபு என்ற கம்பவுண்டர்தான் இதற்கெல்லாம் வழி. அவனைப் பிரிவில் எல்லோருக்கும் அறிமுகப்படுத்தி வைத்தவர் பூபாலன். மற்றவர்களுக்கு உதவுகிறோம் என்றே அவர் நினைத்திருந்தார். அதனால் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

பதினேழாம் தேதி மாலை பூபாலன் தனியாகவே பேகம்பேட் போனார். டாக்டர் வரவில்லை. அவர் கையெழுத்தும் முத்திரையும் இட்ட வெற்றுத் தாள்கள் பாபுவின் இழுப்பறையில் இருந்தன.

"நாலு பேர் பேரு, வயசு, எடை சொல்லுங்க சார். பிபி நூத்தி இருபதுக்கு எண்பது போட்டுடறேன்."

பாபு எழுதி முடித்து நீட்டினான். வாங்கிப் பார்த்ததும் பூபாலனின் கண் ஒரு கணம் நின்றது. அளவுகளோடு பழகிய கண் அது.

"நாலுலயும் ஒரே நம்பரா இருக்கேப்பா. கொஞ்சம் மாத்திப் போடக் கூடாதா?"

"மாத்திப் போட்டாதான் சார் யாருக்கு ஏன் கூட இருக்குன்னு கேப்பாங்க. நல்லா இருக்கறவங்க எல்லாரும் ஒரே மாதிரிதானே இருப்பாங்க?"

பூபாலன் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சின்னசாமியின் மனைவி லூர்துமேரி ஒரு பள்ளியில் நூலகம் பார்ப்பவர். எதையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கம் உள்ளவர். பூபாலன் வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்த சான்றிதழையும் அப்படித்தான் படித்தார்.

"டாக்டர் இவரைப் பாத்தாரா தம்பி? இந்த அளவு இவருக்கு வராதே."

"பாத்தார் அண்ணி. ரெண்டு தடவ கட்டிப் பாத்தார். மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு சொன்னார்."

சின்னசாமி குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். லூர்துமேரி தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க கூட இருக்கீங்கன்னா சரி. உங்க பேச்சை நம்பித்தான் அனுப்புறேன்."

கிளம்புவதற்கு முந்தின நாள் சந்தீப் இன்னொரு செய்தி கொண்டு வந்தான். "அடிவாரத்துல பேக்கை ஓபன் பண்ணி செக் பண்றாங்களாம் சார். பிபி மாத்திரை இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு ஒருத்தர் போஸ்ட் போட்டிருக்கார்."

பூபாலன் யோசித்தார். தாளில் ரத்த அழுத்தம் இல்லை. பையில் மாத்திரை இருந்தால் தாள் பொய்யாகிவிடும். "ஒரு வாரம்தானே அண்ணே. வீட்லயே வச்சிட்டு வந்துடுங்க. மலைக் காத்துக்கு எல்லாம் இறங்கிடும்."

தாளில் எழுதியிருந்ததற்கு ஏற்ப உடம்பைத் திருத்தப் பார்த்த அந்த யோசனையை நால்வரில் ஒருவரும் தடுத்து நிறுத்தவில்லை. சலீம் மட்டும், "நக்கோ பாய், மாத்திரையோட விளையாடக் கூடாது" என்று முணுமுணுத்தார். சின்னசாமி அவர் தோளைத் தட்டிச் சிரித்தார். அன்று மாலை மாத்திரை அட்டைகளை அலமாரியில் பழைய செய்தித்தாளுக்கு அடியில் செருகிவிட்டு, பெட்டியைப் பூட்டினார்.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி மலையடிவாரக் கிராமத்தை அடைந்தார்கள். கூரைகளிலும் வைக்கோல் போர்களிலும் பனி கிடந்தது. சின்னசாமி குழந்தையைப் போல இரண்டு கைகளாலும் அள்ளி சலீமின் முதுகில் எறிந்தார். நால்வரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசி நாள் அது.

அந்தப் பயணத்துக்குத் தலைமை ஏற்றவர் ஷர்மிளா. மலைக்கிராமத்தில் பிறந்து, பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தப் பாதையில் ஆட்களை அழைத்துப் போகிறவர். எல்லோருடைய சான்றிதழையும் வாங்கிப் பார்த்தவர், நான்கு தாள்களை மட்டும் தனியே எடுத்து வைத்து ஹிந்தியில் கேட்டார்.

"நாலு பேருக்கும் ஒரே ரத்த அழுத்தமா?"

"ஒரே பாக்டரி, ஒரே கேன்டீன் மேடம்" என்றார் சலீம். கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஷர்மிளா சிரிக்கவில்லை. அடிவார அறையிலேயே வைக்கும் ரத்த அழுத்தக் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் டாக்டர் கையெழுத்தோடு சான்றிதழ் கொண்டு வந்தவர்களுக்கு அதை எடுப்பதில்லை என்பது அவரை வேலைக்கு வைத்தவர்களின் நடைமுறை. தாள்களைக் கோப்பில் வைத்து மூடினார்.

அன்றே ஐதராபாத்தில், அலமாரியைத் துடைக்கப் போன லூர்துமேரி பழைய செய்தித்தாளைத் தூக்கினார். அடியில் இரண்டு அட்டைகள், ஒரு மாத்திரைகூடக் கிழிக்கப்படாமல். கணவருக்குப் போன் செய்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. பூபாலனுக்குச் செய்தார். அதுவும் அப்படியே. அவர் அன்று பள்ளிக்குப் போகவில்லை.

பதின்மூன்றாம் தேதி நடை தொடங்கியது. பைன் மரங்களுக்கு நடுவே, முழங்கால் அளவு பனியில், முன்னே போகிறவரின் கால்தடத்தில் கால் வைத்து ஏறினார்கள். கிளையில் சேர்ந்த பனி எங்கோ பொத்தென்று விழும். அதற்குப் பிறகு வரும் அமைதி காதை அடைக்கும். அடுத்த நாள் மாலைக்குள் சின்னசாமிக்குப் பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால், "பிடரியில லேசா வலி, தொப்பியோட இறுக்கம்" என்றார். தொப்பியைக் கழற்றிய பிறகும் வலி போகவில்லை.

பதினைந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு, பதினோராயிரம் அடி உயரத்தில் இருந்த முகாமில் சின்னசாமி தேநீரை வாந்தி எடுத்தார். கண்ணின் வெள்ளை சிவந்திருந்தது. ஷர்மிளா அவர் விரலில் சின்னக் கருவியை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்தார்.

"இந்த உயரத்துக்கு இது சரியான அளவுதான். அப்புறம் ஏன் இவ்வளவு தலைவலி?" சின்னசாமியின் எதிரே குந்தி உட்கார்ந்தார். "உண்மையைச் சொல்லுங்க. ரத்த அழுத்தம் உண்டா? ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

சின்னசாமி நிமிர்ந்து பூபாலனைப் பார்த்தார். பதில் சொல்ல அவர் வாய் திறந்தது. அதற்குள் பூபாலன் முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். சர்டிபிகேட்தான் உங்ககிட்ட இருக்கே."

மறுநாள் மலைமுகடு. இன்னும் ஒரே ஒரு நாள். இப்போது உண்மையைச் சொன்னால் நால்வரையும் இறக்கிவிடுவார்கள். பொய்ச் சான்றிதழ் விஷயம் அலுவலகம்வரை போகும். இத்தனையும் பூபாலன் மனதில் ஒரு நொடியில் ஓடியது. எதிரே இருந்த சிவந்த கண் மட்டும் அவர் கணக்கில் வரவில்லை.

கூடாரத்துக்குப் பின்னால் சலீம் அவர் கையைப் பிடித்தார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

"பாய், சொல்லிடலாம். அவர் முகம் சரியில்ல."

"ஒரு நாள் சலீம். மத்தியானத்துக்குள்ள பழகிடும்."

"இருபத்தாறு வருஷமா ஒரு இரும்புத் துண்டை அளக்காம விட்டதில்ல நீங்க. மனுஷன் விஷயத்துல மட்டும் கைக்கு பாய், ஏன் இப்படி?"

பூபாலன் கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டார். உயரத்துக்குப் பழகாத தலைவலி என்று எண்ணிய ஷர்மிளா, மாத்திரையும் வெந்நீரும் கொடுத்து, மதியம்வரை ஓய்வெடுக்கச் சொன்னார். மதியம் வலி குறைந்துவிட்டதாகச் சின்னசாமியே சொன்னார். நண்பனின் பேச்சைப் பொய்யாக்க அவருக்கு மனம் வரவில்லை. உயரத்துக்குப் பழகுவதற்காக எல்லோரும் பக்கத்து மேட்டுக்கு மெல்ல ஏறியபோது அவரும் எழுந்து வந்தார்.

மேற்கே மலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. காற்று பனித் தூளை வாரி முகத்தில் அடித்தது.

இரண்டு மணி பத்து நிமிடம். சின்னசாமியின் வலது கையுறை கழன்று பனியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. யாரோ போட்டுவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே, கையுறை."

சின்னசாமி ஏதோ சொன்னார். அது தமிழும் இல்லை, எந்த மொழியும் இல்லை. வாயின் ஒரு பக்கம் கீழே இழுத்திருந்தது. பிறகு அவர் வலது கால் மடங்கி, சத்தமே இல்லாமல் பனியில் உட்கார்ந்தார்.

ஷர்மிளா ஓடி வந்தார். கையைத் தூக்கச் சொன்னார். இடது கை எழுந்தது. வலது கை பனியிலேயே கிடந்தது. அவர் திரும்பிப் பூபாலனைப் பார்த்து, காலையில் கேட்டதையே மறுபடி கேட்டார்.

"இருக்கு மேடம். ஆறு வருஷமா இருக்கு. மாத்திரையை நான்தான் வீட்ல வைக்கச் சொன்னேன். டாக்டர் அவரைப் பாக்கவே இல்ல. எங்க யாரையும் பாக்கல."

ஷர்மிளா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிச் சின்னசாமிமீது போர்த்தினார். "காலையிலேயே சொல்லியிருந்தா இந்நேரம் இவர் கீழே ஆஸ்பத்திரியில இருந்திருப்பார்" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பூபாலனுக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

டோலியில் கட்டி இறக்கினார்கள். முகாமுக்குச் சுமை தூக்கி வந்திருந்த மூன்று மலைக்காரர்களோடு பூபாலனும் சலீமும் சந்தீப்பும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். பனி விடாமல் பெய்தது. ஏறும்போது பதித்து வந்த தடங்கள் மூடிப்போய், கயிற்றைப் பிடித்து ஒவ்வோர் அடியாக இறங்க வேண்டியிருந்தது. "எப்படிண்ணே இருக்கு?" என்று பூபாலன் கேட்டுக்கொண்டே வந்தார். முதலில் ஒரு முனகல் பதிலாக வந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அதுவும் வரவில்லை.

நன்றாக இருட்டிய பிறகு, கிராமத்துக்கு மேலே இருந்த கடைசித் திருப்பத்தில், நடை தொடங்கும்போது அணைத்து வைத்த போனை ஆம்புலன்ஸ் கூப்பிடுவதற்காகப் பூபாலன் போட்டார். சட்டைப்பையில் வைப்பதற்குள் அது அதிர ஆரம்பித்தது. நிற்காமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். லூர்துமேரியின் தவறிய அழைப்புகள், நாற்பத்து மூன்று. கடைசியாக ஒரு செய்தி: "தம்பி, மாத்திரை இங்கேயே இருக்கிறது. அவரை உடனே கீழே இறக்குங்கள்." அது பதின்மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் நடை தொடங்குவதற்கு முன்பு.

மறுநாள் பிற்பகல் டேராடூனில் ஒரு மருத்துவமனை. முதல் விமானத்தைப் பிடித்து வந்திருந்த லூர்துமேரி தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றார். மூளையில் ரத்தம் கசிந்திருப்பதாகவும், உறைந்த ரத்தத்தை அறுவை செய்து எடுத்திருப்பதாகவும், இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றும் டாக்டர் சொன்னார். பிழைத்தாலும் வலது கையும் பேச்சும் எந்த அளவுக்குத் திரும்பும் என்று அவரால் உறுதி கூற முடியவில்லை.

"ரத்த அழுத்தம் இருந்தா மலைக்கே வரக் கூடாதுன்னு இல்லம்மா. சரியா சோதிச்சு, மாத்திரையை விடாம எடுத்திருந்தா, எதுவரைக்கும் போகலாம்னு ஒரு டாக்டரே சொல்லியிருப்பார். திடீர்னு நிறுத்தினதுதான் பெரிய தப்பு."

டாக்டர் போன பிறகு பூபாலன் எதிரே வந்து நின்றார். மூன்று நாளாக மழிக்காத முகம். குளிரில் வெடித்த உதடுகள்.

"அண்ணி, டாக்டர் பாத்தார்னு நான் சொன்னது பொய். யாரும் அவரைத் தொட்டுக்கூடப் பாக்கல. நீங்க நம்பணும்னு சொன்னேன்."

"தெரியும் தம்பி. மாத்திரையைப் பாத்த அன்னைக்கே தெரிஞ்சு போச்சு." லூர்துமேரியின் கண்ணில் நீர் இல்லை. அழுது முடித்த கண்கள் அவை. "அவர் நல்லா இருக்கார்னு நீங்க எழுதி வாங்கல. அவருக்கு என்ன ஆனாலும் யாரும் பொறுப்பில்லன்னு எழுதி வாங்கினீங்க. அதை என்கிட்டயே படிக்கக் குடுத்தீங்க."

பூபாலன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சலீம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேற யாருக்கெல்லாம் இந்தத் தாள் வாங்கிக் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டார் லூர்துமேரி.

பூபாலன் தலைநிமிர்ந்தார். "நம்ம ஆபீஸ் வெங்கடராமன் சார் பொண்ணு, ஹம்ஸினி. அடுத்த சனிக்கிழமை இதே மலைக்குக் கிளம்புறா. சின்னதுல மூச்சிறைப்பு உண்டாம். பாபு நம்பரை நான்தான் குடுத்தேன்."

"இப்பவே போன் போடுங்க. என் முன்னாடி."

இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை எண்ணை அழுத்தினார். மறுமுனையில் வெங்கடராமனின் குரல் உற்சாகமாகக் கேட்டது. "என்ன பூபாலன், உச்சிக்குப் போய்ட்டேளா? பனி எப்படி இருக்கு?"

"சார், அந்தச் சர்டிபிகேட்டைக் கிழிச்சுப் போட்டுடுங்க. பொண்ணை அதை வச்சு அனுப்பாதீங்க." நடந்ததை முழுவதும் சொன்னார். தன் பங்கு எதையும் குறைத்துச் சொல்லவில்லை. "ஊருக்கு வந்ததும் நடந்தது அத்தனையும் எழுதி ஆபீஸ்ல குடுக்கப் போறேன் சார். அந்தக் கிளினிக்கைப் பத்தியும் புகார் குடுப்பேன். வேலை போனாலும் போகட்டும்."

வெங்கடராமன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இல்ல... அவ இப்போ நன்னாத்தானே இருக்கா. நாள் வேற இல்ல. எல்லாரும் இப்படித்தானே வாங்கறா? ஒரு ஃபார்மாலிட்டிதானே?"

லூர்துமேரி கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"சார், நான் சின்னசாமி வீட்டம்மா பேசறேன். எல்லாரும் அப்படித்தான் வாங்கறாங்க. நாங்களும் வாங்கினோம். ஒரு உயிரைத் தொட்டுப் பாக்காம, நல்லா இருக்குன்னு எழுதுறது உதவி இல்ல சார், குற்றம். எழுதுறவங்களுக்கும் குற்றம், வாங்கறவங்களுக்கும் குற்றம், தெரிஞ்சும் சும்மா இருக்கறவங்களுக்கும் குற்றம். மலை தாளைப் படிக்காது சார். உடம்பைத்தான் படிக்கும். பொண்ணைக் கூட்டிட்டு இன்னைக்கே ஒரு டாக்டர்கிட்டப் போங்க. அவர் போகக் கூடாதுன்னு சொன்னா, வீட்ல உக்காந்து ரெண்டு நாள் அழட்டும். பக்கத்துல உக்காந்து நீங்க சமாதானம் சொல்லலாம். எனக்கு இப்ப உள்ள போய்ச் சொன்னா, அவருக்குக் கேக்குதா இல்லையான்னுகூடத் தெரியல."